கட்டடத்துக்கு ஓர் ஒத்திகை

கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், கயத்தாற்றை நெருங்கும்பொழுது கரிசல் வெளியில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைக் காணாமல் போக முடியாது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஊர் என்ற அளவிலேயே கயத்தாற்றை அறிந்திருக்கும் நம்மில் பலருக்கு, தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைகளைப் பரிசோதிப்பதற்கென்று ஏற்படுத்திய நிலையமும் இவ்வூரிலேதான் இருக்கிறது என்ற செய்தி புதியதாக இருக்கக்கூடும். டென்மார்க் நாட்டாரின் உதவியோடு உருவான அந்நிலையத்தில், புதிய வகைக் காற்றாலை ஒன்றை நிறுத்தி, அதன் அருகே உயர்ந்த கம்பமொன்றில் கருவிகளைப் பொருத்திக் காற்றின் வேகத்தையும் திசையையும் இடைவிடாது அளந்து, இன்ன வேகத்துக்கு இத்தனை மின்சாரம், இன்ன வேகத்தில் இறக்கையின் மேல் இத்தனை சுமை என்று கணக்கெடுக்கிறார்கள். அவ்வாறு தேறிய வகையின் பிரதிகளே பிற்பாடு நூற்றுக்கணக்கில் நாடெங்கும் நடப்படுகின்றன.

இயந்திரங்களுக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம் கட்டடங்களுக்குக் கிடைப்பதில்லை. காற்றாலை செய்கிறவர் தமது முதற்பிரதியைப் பரிசோதனைக்கென்றே செய்து, அதில் புலப்படும் குறைகளை நிவர்த்தி செய்துகொண்டு, அடுத்த பிரதி முதல் விற்பனையைத் தொடங்கலாம். பத்து மாடி அலுவலகம் ஒன்றை எழுப்புகிறவரோ, அதை ஒரு முறை கட்டிப் பார்த்து, பிழை கண்டு, இடித்துவிட்டு, திரும்பவும் கட்டுவதென்பது கனவிலும் நடவாத காரியம். அந்த மனையில், அந்த மண்ணில், அந்தத் தேவைக்காக எழும் அக்கட்டடமே முதற்பிரதி. அதுவே கடைசிப் பிரதியும் ஆகும். ஆகையால், கட்டடத்தின் பரிசோதனை என்பது இதுகாறும் கட்டும்போதே, சிமெண்டும் கம்பியும் கூலியும் செலவான பிறகே நடந்துவந்திருக்கிறது. கட்டடத் தகவல் மாதிரி என்பதும், இத்துறையினர் பிம் என்று சுருக்கி வழங்குவதுமான முறை, கல்லும் மண்ணும் தொடப்படுவதற்கு முன்னரே கணிப்பொறிக்குள் கட்டடத்துக்கு ஓர் ஒத்திகை நடத்திப் பார்க்கும் பொருட்டு ஏற்பட்டது. திரையில் சுழலும் வண்ணப் படத்தைக் கண்டு மயங்குகிறவர்கள், படம் காட்டுவதே அதன் நோக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள்; என் அபிப்பிராயத்தில் அதன் பயன்களுள் படமே மிகவும் அற்பமானது.

கட்டடங்களில் பிழை எங்கே பிறக்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். தூண் தாங்காமல் போவதும் உத்தரம் முறிவதும் அபூர்வம். ஏனெனில் அவை ஒரே நிபுணரின் பொறுப்பில் அடங்கியவை, அவரும் தமது கணக்கை இருமுறை சரிபார்த்த பின்னரே கையெழுத்திடுகிறார். அன்றாடம் நேரும் பிழைகளோ, ஒருவருடைய பொறுப்பு முடிந்து மற்றொருவருடைய பொறுப்பு தொடங்கும் எல்லைக்கோட்டில் பிறக்கின்றன. 2000-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் திறக்கப்பட்ட சென்னைத் தரமணி டைடல் பூங்காவை, 13 மாடிகளும் ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடிப் பரப்பும் கொண்ட அந்தப் பெருங்கட்டடத்தை, மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது நம் மாவட்டத்திலேயே 2024 டிசம்பரில் திறக்கப்பட்டதும், அதற்குத் தம்பி என்று சொல்லத்தக்கதுமான தூத்துக்குடி நியோ டைடல் பூங்காவையாவது எண்ணிப் பாருங்கள். இத்தகைய அலுவலகங்களில் மேசைமுன் அமர்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் அவருக்குத் தெரிவது சமமான வெள்ளைக் கூரைப்பலகை ஒன்றுதான். அப்பலகைக்கு மேலே, அரை மீட்டருக்கும் குறைவான இருட்டறையில், குளிர்காற்றைச் சுமக்கும் தகரக் குழல்களும், குளிர்நீர்க் குழாய்களும், தீ மூண்டால் நீர் தெளிக்கும் குழாய்களும், மின்கம்பிகளைத் தாங்கும் தட்டுகளும், மேல்மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயும், இவை அனைத்தையும் தொங்கவிடும் இரும்புக் கம்பிகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிபுணர் தம் தாளில் வரைகிறார். ஒவ்வொரு தாளும் தன்னளவில் குற்றமற்றது. குற்றமற்ற இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான், ஒருவருடைய குழாய் மற்றவருடைய உத்தரத்தின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போவது தெரியவருகிறது.

தாளை மெழுகுத்தாளாக்கி, கீழே விளக்கெரியும் கண்ணாடி மேசையில் அடுக்கிப் பார்த்துப் பிழை தேடிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுடைய பொறுமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் தாளில் நீளமும் அகலமும் உண்டே தவிர உயரம் இல்லை. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று கடப்பது உண்மையில் மோதலா, அல்லது ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போகிறதா என்பதைத் தாள் சொல்லாது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்ற இளைஞர் கணிப்பொறித் திரையில் ஒளிப் பேனாவினால் கோடு வரைந்து காட்டியது பேரதிசயமாகப் பேசப்பட்டது. எனினும் அது தாளைத் திரைக்கு மாற்றியதேயாகும். வேறொரு வழியைக் காட்டியவர் சார்ல்ஸ் ஈஸ்ட்மன். கட்டடத்தைப் பற்றிய விவரம் அனைத்தையும் ஒரே இடத்தில் ஒரே விவரணையாகச் சேமித்துவைத்தால், தரைப்படமும் வெட்டுப்படமும் முகப்புப்படமும் அந்த ஒன்றிலிருந்தே தாமாகப் பிறக்கும் என்றும், ஓரிடத்தில் செய்த மாற்றம் எல்லாப் படங்களிலும் அக்கணமே தோன்றும் என்றும் 1975-ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். அக்காலத்துக் கணிப்பொறிகளுக்கு அந்தப் பாரத்தைச் சுமக்கும் சக்தி இல்லாமையால், அக்கருத்து நடைமுறைக்கு வந்து பரவ இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

கோட்டுக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையே இம்முறையின் உயிர். பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். அவை சுவர் என்பதைப் படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். மாதிரியிலோ சுவர் என்பது சுவராகவே இருக்கிறது; தன் உயரம், தடிமன், செங்கல்லா கல்நாரா என்ற விஷயம், தீயை எத்தனை மணி நேரம் தடுக்கும் என்ற கணக்கு, எந்த மாடியைச் சேர்ந்தது, எந்த வாரத்தில் எழுப்பப்படும் என்ற குறிப்பு முதலிய யாவற்றையும் அது தன்னோடு சுமந்துகொண்டிருக்கிறது. கட்டடச் சிற்பி ஒரு மென்பொருளிலும், கம்பி கணக்கிடுகிறவர் வேறொன்றிலும், குளிர்சாதன நிபுணர் மூன்றாவதிலும் வேலை செய்வது வழக்கமாதலால், அவை தம்முள் பேசிக்கொள்வதற்கு ஒரு பொது மொழி வேண்டியிருந்தது, ஐ.எஃப்.சி. என்ற அந்தப் பொது மொழி 2013-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற எண்ணோடு உலகத் தரமாயிற்று. அரசாங்கங்களும் மெல்ல மெல்ல இவ்வழிக்கு வந்தன. நம் பக்கத்து இளைஞர்கள் ஏராளமாகக் கட்டட வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் வடிவமைப்பை மாதிரியாகவே ஒப்படைக்க வேண்டும் என்று 2013-இல் விதித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அவ்வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது.

பல நிபுணர்களின் மாதிரிகளை ஒன்றாகச் சேர்ப்பவரை ஒருங்கிணைப்பாளர் என்கிறார்கள். அவர் சந்திக்கும் முதற்சங்கடம் வேடிக்கையானது: கட்டடம் எங்கே இருக்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் ஒற்றுமை இருப்பதில்லை. ஒருவர் மனையின் தென்மேற்கு மூலையைப் பூஜ்யமாகக் கொண்டிருப்பார். இன்னொருவர் முதல் தூணின் நடுவை. நில அளவைக்காரரோ பூமத்திய ரேகையிலிருந்தே தூரம் எண்ணுகிறவர். மூன்றையும் சேர்த்தால் தூண்கள் ஓரிடத்திலும், குழாய்கள் நூறு கல்லுக்கு அப்பால் ஆகாயத்திலும் நிற்கும். எல்லாரும் நில அளவையின் எண்களையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கயத்தாறு பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 990 கிலோமீட்டர், அதாவது 9,90,000 மீட்டர் வடக்கே இருக்கிறது. திரையில் விரைந்து வரைவதற்காகக் கணிப்பொறிகள் பெரும்பாலும் கையாளும் சுருக்க எண்முறையில், எந்த எண்ணுக்கும் இரும இலக்கங்கள் 24-தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 9,90,000 என்ற முழு எண்ணை எழுதுவதற்கே அவற்றுள் 20 செலவாகிவிடுகின்றன. பின்னத்துக்கு எஞ்சுபவை நான்கு. நான்கு இரும இலக்கங்களால் காட்டக்கூடிய மிகச் சிறிய பின்னம் பதினாறில் ஒன்று. பதினாறில் ஒரு மீட்டர் என்பது ஆறேகால் சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் குழாய் ஒன்றை அந்த எண்முறையில் வரையப் புகுந்தால், அதன் இரண்டு விளிம்புகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடலாம், அல்லது திரையில் நடுங்கிக்கொண்டிருக்கலாம். இதனால்தான், மனைக்குள்ளேயே ஒரு புள்ளியைப் பொதுப் பூஜ்யமாக நிர்ணயித்து, அப்புள்ளி நில அளவையில் எங்கே விழுகிறது என்பதையும், கட்டடத்தின் வடக்கு உண்மை வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதையும் ஒரே ஒரு முறை எழுதிவைத்துவிட்டு, பிறகு யாவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற சம்பிரதாயம் ஏற்பட்டது. ஒத்திகையின் முதல் நாள் இதற்காகவே செலவாவது வழக்கம்.

பூஜ்யம் ஒன்றான பின், மோதல்களைத் தேடும் படலம் தொடங்குகிறது. பெரிய அலுவலகம் ஒன்றின் மாதிரியில் ஒரு லட்சம் பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், எது எதோடு மோதுகிறது என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க ஏறத்தாழ 500 கோடி ஜோடிகள் உண்டாகும். ஒவ்வொரு ஜோடியையும் முழுமையாக அளப்பது கணிப்பொறிக்கும் வீண் சிரமம். ஆகவே அது ஒரு யுக்தி செய்கிறது: வளைந்த குழாயோ கோணலான உத்தரமோ எதுவாயினும், அதைச் சுற்றி நேரான பெட்டி ஒன்று இருப்பதாகப் பாவித்து, முதலில் பெட்டிகளை மட்டும் ஒப்பிடுகிறது. மூன்றாம் மாடிப் பெட்டிகளும் ஏழாம் மாடிப் பெட்டிகளும் சந்திக்கவே மாட்டா. அவற்றைக் கூட்டங்கூட்டமாகத் தள்ளிவிடலாம். பெட்டிகள் ஒன்றையொன்று தொடுகின்ற சொற்ப ஜோடிகளுக்கு மட்டுமே, பொருளின் மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, முக்கோணத்தோடு முக்கோணம் வெட்டுகிறதா என்ற நுட்பமான கணிதம் நடைபெறுகிறது. சில நிமிஷங்களில் பட்டியல் வந்துவிடும்.

அந்தப் பட்டியலைக் கண்டு அனுபவமில்லாதவர் திகைத்துப்போவார். ஆயிரக்கணக்கான மோதல்கள்! ஆனால் கணிப்பொறிக்கு நியாய அநியாயம் தெரியாது. கூரைப்பலகையில் பதித்த விளக்கு பலகையோடு மோதுகிறது என்று அது முறையிடும். பதிப்பதற்காகவே செய்த விளக்கு வேறு எங்கே போகும்? சுவருக்குள் புதைக்கவேண்டிய மின்குழாயைச் சுவரோடு மோதுவதாகச் சொல்லும். காற்றுக் குழல் ஒன்று ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால், அது கடக்கும் நாற்பது தெளிப்புக் குழாய்களுக்கும் நாற்பது தனிப் புகார்கள் எழுதும், காரணமோ ஒன்றே. ஆகவே ஒருங்கிணைப்பாளரின் சாமர்த்தியம் மோதல்களைக் கண்டுபிடிப்பதில் இல்லை, அது இயந்திரத்தின் வேலை. பொய்ப் புகார்களைக் கழித்து, ஒரே காரணத்தில் விளைந்தவற்றை ஒரே கட்டாகக் கட்டி, இது கட்டடச் சிற்பியின் மேசைக்கு, இது மின்பொறியாளரின் மேசைக்கு என்று பங்கிட்டு, வாரந்தோறும் கூட்டும் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதச் செய்வதில்தான் இருக்கிறது. மோதல்களின் எண்ணிக்கை இவ்வாரம் இவ்வளவு குறைந்தது என்று வரைகோடு போட்டுக் காட்டி மகிழ்கிறவர்களும் உண்டு. நூறு அற்ப மோதல்களைத் தீர்த்துவிட்டு, லிஃப்ட் அறைக்குள் புகுந்த ஒரு உத்தரத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடுகிறவருடைய வரைகோடும் அழகாகத்தான் இறங்கும்.

வழிவிடவேண்டியவர் யார் என்பதை நிர்ணயிப்பதில் சில இயற்கை நியாயங்கள் இருக்கின்றன. கழிவுநீர்க் குழாய்க்கு முதல் மரியாதை; ஏனெனில் அது பூமியின் ஈர்ப்பை மட்டுமே நம்பி ஓடுவது. நூற்றில் ஒன்று என்ற சரிவில் 20 மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர் இறங்கியே தீரவேண்டும். இடையில் எதையும் ஏறிக் கடக்க அதனால் முடியாது. அதற்கடுத்தபடி பருத்த காற்றுக் குழல்கள், பின் அழுத்தத்தில் ஓடும் நீர்க் குழாய்கள், எல்லாருக்கும் கடைசியில் எங்கும் வளையத்தக்க மின்கம்பித் தட்டுகள் என்று ஒரு கிரமம் பெரும்பாலும் அனுசரிக்கப்படுகிறது. ஆனால் கிரமம் சொல்லிவிட்டால் மட்டும் இடம் பிறந்துவிடாது. ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தளத்துக்குத் தளம் 390 சென்டிமீட்டர் உயரம் என்க. கேபிள்கள் ஓடுவதற்காக உயர்த்திய தரைக்கு 15 போக, மனிதர் நடமாட 270 போக, எஞ்சுவது 105. மேல்தளப் பலகையும் உத்தரமும் சேர்ந்து 60 எடுத்துக்கொண்டால், உத்தரத்தின் அடியில் கிடைப்பது 45. காற்றுக் குழலின் உயரம் 35. அதன்மேல் போர்த்தும் வெப்பத்தடைப் போர்வை மேலும் கீழும் இரண்டரை வீதம் ஐந்து. ஆக 40 போனது. மிச்சமிருக்கும் ஐந்து சென்டிமீட்டரில், 12 சென்டிமீட்டர் வேண்டுகிற விளக்கையும் பலகைச் சட்டத்தையும் எப்படி அடைப்பது?

ஏழு சென்டிமீட்டர் பற்றாக்குறை. அதற்காகக் கூடும் கூட்டத்தில் நடக்கும் வாதங்கள் கேட்கத்தக்கவை. கூரைப்பலகையைத் தாழ்த்தலாம் என்றால் கட்டட உடைமையாளர் ஒப்பமாட்டார். உயரமான அறைக்குத்தான் வாடகை. உத்தரத்தின் உயரத்தை 60-லிருந்து 53 ஆக்கலாமே என்றால், உத்தரத்தின் விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்ததாதலால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும் என்று கம்பிக் கணக்கர் எச்சரிப்பார். 90-க்கு 35 என்றிருக்கும் குழலை 126-க்கு 25 என்று தட்டையாக்கினால் காற்று போகும் பரப்பு மாறாது, பத்து சென்டிமீட்டரும் மிஞ்சும். ஆனால் குழலின் சுற்றளவு 250-லிருந்து 302 ஆகிவிடுவதால், தகரமும் கூடும், காற்று உரசும் பரப்பும் கூடும், விசிறிக்கும் கூடுதல் சக்தி வேண்டும் என்று குளிர்சாதன நிபுணர் முணுமுணுப்பார். உத்தரத்திலேயே துவாரம் விடலாம். அதுவும் தூணை ஒட்டிய, வெட்டுவிசை மிகுந்த இடத்தில் கூடாது, நடுப்பகுதியில், உயரத்தின் மத்தியில்தான் விடலாம். சென்டரிங் அடிக்கும்போதே ஸ்லீவ் வைத்துவிட வேண்டும். ஒத்திகையில் இத்தனை வாதமும் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும். ஒத்திகையில்லாத கட்டடத்தில் இதே விவகாரம் காங்கிரீட் இறுகிய பிறகு கிளம்பும். கோர் கட்டிங் இயந்திரம் வரும். அது கல்லோடு சேர்த்துக் கம்பியையும் அறுத்துவிட்டதா என்ற கவலையோடு சைட் இன்ஜினீயர் தொலைபேசியை எடுப்பார்.

ஹாங்காங்கில் ஸ்வயர் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்தார் எழுப்பி 2008-இல் நிறைவேறிய ஒன் ஐலண்டு ஈஸ்ட் என்ற அலுவலகக் கோபுரம், இவ்வகை ஒத்திகைக்கு இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று. ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்த அக்கட்டடத்தின் மாதிரியை ஒருங்கிணைத்தபோது, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பாகவே 2,000-க்கும் மேற்பட்ட மோதல்களையும் பிழைகளையும் கண்டு தீர்த்தார்கள். இந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முன்கை எடுத்தவர் யார் என்பது. கட்டடச் சிற்பியும் அல்லர், ஒப்பந்தக்காரரும் அல்லர். பிழை நேர்ந்தால் கடைசியில் அதற்குப் பணம் கொடுக்கவேண்டியவராகிய உடைமையாளரே முன்வந்து, மாதிரி அமைப்பதில் தேர்ந்த நிறுவனமொன்றை அமர்த்திக்கொண்டு, தம் நிபுணர்களை அம்முறையில் பழக்கினார்.

பிழைக்கு இடமே தராத கட்டுமானம் எத்தகையது என்பதை அறிய ஹாங்காங் வரை போகவேண்டியதில்லை. கயத்தாற்றிலிருந்து அதிக தூரமில்லாத கழுகுமலைக்குப் போனால் போதும். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயில் என்ற ஒற்றைக்கல் தளியை அங்கே சமைத்தார்கள். கற்களை அடுக்கிக் கட்டுகிறவர் கோணலாய் வைத்த கல்லை எடுத்து நேராக வைக்கலாம்; பாறையைக் குடைகிறவர் வெட்டிவிட்ட கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. சிகரத்தை முதலில் செதுக்குகிறவனுக்கு, இன்னும் பாறைக்குள்ளே மறைந்துகிடக்கும் அதிஷ்டானத்தின் அளவு வரையில் மனத்தில் தீர்மானமாகியிருக்க வேண்டும்; ஒரு முழு ஆலயம் ஒரு ஸ்தபதியின் உள்ளத்தில் பூர்த்தியாக நின்ற பிறகே முதல் உளி விழுந்திருக்க வேண்டும். மேற்பகுதி நிறைவெய்தி, கீழ்ப்பகுதி வெட்டி முடிக்கப்படாமல் இன்றும் நிற்பதைக் காண்கிறவர்கள் வேலையின் கிரமத்தைக் கண்ணாலேயே படித்துக்கொள்ளலாம். இக்காலத்து அலுவலகம் ஒருவர் உள்ளத்தில் அடங்காது என்பதுதான் வித்தியாசம். ஆறேழு சாஸ்திரங்களில் வல்ல ஆறேழு பேர் உள்ளங்களில் துண்டு துண்டாக இருப்பதைக் கணிப்பொறியில் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னதனால், மாதிரி எல்லாம் அறியும் என்று கொள்ளலாகாது. வரையப்படாத பொருள் எதனோடும் மோதுவதில்லை. இதுவே இம்முறையின் பெரிய அபாயம். கரிசல் நிலத்தில் கட்டுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது அவசியம். மாதிரியில் பூமி என்பது அசையாத ஒரு பரப்பாக வரையப்படுகிறது. நம் கரிசலோ அசையாத சுபாவமுடையதன்று; அதன் களிமண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் நுண்ணடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும், வெயிலில் அந்நீர் வெளியேறினால் சுருங்கி, கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் இடைசெவலும் அக்கம்பக்கத்து ஊர்களும் இந்த வெடிப்புகளின் மேல்தான் காலங்காலமாக வாழ்ந்துவருகின்றன. மழையிலும் வெயிலிலும் மாறிமாறி உப்பிச் சுருங்கும் இந்த மேல்மண்ணுக்குக் கீழே, ஈரம் மாறாத ஆழத்தில் பிடிப்புக் கொள்வதற்காக, அடியில் குமிழ் போல் விரிந்த காங்கிரீட் பைல்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்துத் தந்தார்கள். தண்டின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் குமிழின் விட்டம் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 75. பக்கத்துப் பைல் குமிழ் விட்டத்தின் இருமடங்காகிய 150 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தண்டை மட்டும் வரைந்து குமிழை வரையாமல் விட்ட மாதிரியில், பைல்களுக்கிடையே தாராளமாக இடம் இருப்பதாகத் தோன்றும். கழிவுநீர்த் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைக்க யாருக்கும் மனம் வரும்.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்றுண்டு. உப்பி எழும் மண் கட்டடத்தைத் தூக்கிவிடாதிருக்க, பைல்களின் தலைகளை இணைக்கும் தரை உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே வேண்டுமென்றே சிறிது வெற்றிடம் விடுகிறார்கள். கணிப்பொறியின் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாத இடம். ஒன்றுமில்லாத இடத்தில் எதை வைத்தாலும் மோதல் இல்லை. அதன் வழியே ஒரு மின்குழாயை இழுத்துவிட்டு, பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியடையலாம். சைட்டில் கொத்தனார் அந்த இடைவெளியைக் குறையென்று கருதி ஜல்லியும் மணலும் போட்டு நிரப்பிவிடவும் கூடும். ஆகவே தேர்ந்த ஒருங்கிணைப்பாளர் வெற்றிடத்தையும் ஒரு பொருளாக வரைந்துவைப்பார்: இங்கே எதுவும் வரக்கூடாது என்ற பெயரோடு ஒரு கனப்பெட்டி. குளிர்சாதனப் பெட்டியின் வடிகட்டியை உருவி எடுக்கப் பக்கத்தில் வேண்டிய இடம், மின்பலகையின் கதவு திறக்க முன்னே வேண்டிய இடம், வால்வைத் திருகுகிறவன் கை நுழைய வேண்டிய இடம் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மேல்மண் எழுந்தும் தாழ்ந்தும் இழுக்கையில் முறியாதிருக்கும்படி, வெளியிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் நீர்க்குழாய்க்கு வளைந்துகொடுக்கும் இணைப்பு வேண்டும் என்பதும் எந்த மோதல் பட்டியலிலும் வராது. கரிசலில் ஒரு மழைக்காலமாவது கட்டட வேலை பார்த்தவரின் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

கோவில்பட்டிக் கடைத்தெருவில் இரண்டு மாடிக் கட்டடம் எழுப்புகிறவருக்கு இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுவேன். அங்கே குழாய்க்காரரும் மின்வேலைக்காரரும் கொத்தனாரும் ஒரே நிழலில் நின்று பேசி முடித்துக்கொள்கிறார்கள். கட்டடம் முழுவதும் கொத்தனாரின் தலைக்குள் இருக்கிறது. பெரிய அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நிலைமை வேறு. ஆனால் நம் பொதுப்பணிகளின் சம்பிரதாயமே ஒருங்கிணைப்புக்குக் குறுக்கே நிற்கிறது. முதலில் நிபுணர்கள் வரைகிறார்கள், பின் ஒப்பந்தப்புள்ளி, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை, அவர் அஸ்திவாரம் எடுத்து, தளங்களைப் போட்டுக்கொண்டிருக்கையில்தான் குளிர்சாதனத்துக்கும் மின்வேலைக்கும் துணை ஒப்பந்தக்காரர்கள் அமர்கிறார்கள், எந்தக் கம்பெனியின் இயந்திரம் என்பது அதற்கும் பிறகே நிச்சயமாகிறது. ஒரு கம்பெனியின் இயந்திரம் மற்றொன்றினதைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரமாயிருந்தால், முன்னர் ஊகத்தில் வரைந்து தீர்த்த மோதல்கள் அத்தனையும் உயிர்பெற்று எழும். கன மீட்டருக்குக் காங்கிரீட், மீட்டருக்குக் குழாய், எண்ணிக்கைக்கு விளக்கு என்று அளந்து பணம் கொடுக்கும் அட்டவணையில், நேராமல் தடுத்த பிழைக்கு விலை எழுத வரிசை கிடையாது.

மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய சீர்திருத்தம் ஒன்று இதிலிருந்தே புலப்படுகிறது. இம்மாவட்டத்தில் அடுத்து எழும் பெரிய அரசுக் கட்டடத்தின் டெண்டரில், முதல் தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் குளிர்சாதனம், மின்சாரம், தீயணைப்பு ஆகிய மூன்று துணை ஒப்பந்தக்காரர்களும் நியமிக்கப்பட்டு, தத்தம் இயந்திரங்களின் அளவுகளை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பார்க்கலாம். அதற்குக் கணிப்பொறி ஒன்றுகூட வேண்டியதில்லை.